கால் கிராம் மண்

குடும்பத்தில் யாராவது நீண்ட நாள் ஐ.சி.யூ.வில் கிடந்திருந்தால் 'வான்கோமைசின்' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாத கிருமி ரத்தத்தில் புகுந்துவிட்டது என்று டாக்டர் சொல்வார். அடுத்த வாக்கியத்தில் இந்தப் பெயர் வரும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ உயிர்களைப் பிடித்து வைத்திருக்கும் மருந்து அது. அது போர்னியோ மண்ணிலிருந்து வந்தது.

1952ல் போர்னியோவின் உட்பகுதியில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஒரு கிறிஸ்துவ மிஷனரி, கொஞ்சம் மண்ணை அள்ளி அமெரிக்காவுக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்டவர் எலி லில்லி மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர் எட்மண்ட் கோர்ன்ஃபெல்ட். அந்த மண்ணிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருள், பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைக் கொன்றது. முதலில் கிடைத்த திரவம் கலங்கிப் பழுப்பாக இருந்ததால் ஆய்வகத்தில் அதை 'மிசிசிப்பிச் சேறு' என்று கேலியாக அழைத்தார்கள். பிறகு சுத்தப்படுத்தி, பெயர் வைத்து, 1958ல் அமெரிக்க அரசின் அனுமதியும் பெற்றுவிட்டார்கள்.

போர்னியோ மூன்று நாடுகள் பங்கிட்டுக்கொண்ட தீவு. அதில் சபாவும் சரவாக்கும் நம் நாட்டில் இருக்கின்றன. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் எந்த ஆற்றங்கரை, எந்தக் கிராமத்து மக்களின் காடு என்பதெல்லாம் வருவதில்லை. 'போர்னியோ' என்ற ஒற்றைச் சொல்லோடு அந்த இடத்தின் பங்கு முடிந்துவிடும்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்ச்செயல்முறைப் பொறியியல் படித்தவன். இப்போது செம்பனை ஆலைக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் வேலையில் இருக்கிறேன். வரலாறு என் துறை இல்லை. ஆனாலும் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் முறை எப்படி வந்தது என்று தேடிப் படிக்கப் போய், அது வெறும் ஆய்வக வரலாறு இல்லை என்று தோன்றியது. ஒவ்வொரு கட்டத்திலும் மண்ணின் எடை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. முதலில் பொட்டலம், பிறகு சோதனைக் குழாய், பிறகு ஒரு துளி, கடைசியில் வெறும் எழுத்துகள். எடை குறையக் குறைய 'இது எந்த ஊர் மண்?' என்ற கேள்வியும் லேசாகிக்கொண்டே போனது.

மண்ணைத் தேடியவர்கள்

மண் மருந்தாகும் என்ற நம்பிக்கையைப் பரப்பியது அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். அங்கே செல்மன் வாக்ஸ்மன் என்ற மண் நுண்ணுயிரியலாளரின் ஆய்வகத்தில், 1943ல் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். காசநோய்க்குக் கிடைத்த முதல் ஆன்டிபயாட்டிக் அது. 1952ல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் கிடைத்தது. அதற்கு முன்பே ஷாட்ஸ் வழக்குப் போட்டு, தானும் கண்டுபிடிப்பாளர்தான் என்பதைச் சட்டப்படி ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். பரிசுக்குழுவுக்கு அது போதவில்லை.

ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்தது ஸ்ட்ரெப்டோமைசீஸ் என்ற பாக்டீரியாக் குடும்பம். நம் எழுத்தாளர்கள் கிராமத்தைப் பற்றி எழுதினால் விமர்சகர்கள் உடனே 'மண்வாசனை' என்பார்கள், இல்லையா? மழை விழுந்ததும் எழும் அந்த வாசனைக்கு முக்கியக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளைத் தயாரிப்பதும் இதே ஸ்ட்ரெப்டோமைசீஸ்தான். 1965ல் அதைப் பிரித்துப் பெயர் வைத்ததும் ரட்கர்ஸ்காரர்கள்தான். மண்வாசனைக்குக்கூட ஆய்வகத்தில் ஒரு பிறந்த தேதி இருக்கு!

ஸ்ட்ரெப்டோமைசினுக்குப் பிறகு மருந்து நிறுவனங்களுக்கு மண் மோகம் பிடித்தது. உலகின் பல மூலைகளிலிருந்தும் மண் வரவழைத்தார்கள். ஃபைசர் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மண் மாதிரிகளைச் சலித்து 'டெர்ராமைசின்' கண்டுபிடித்தது. 'டெர்ரா' என்றால் லத்தீனில் மண். பிலிப்பைன்ஸின் இலோயிலோ பகுதியிலிருந்து, எலி லில்லிக்காக வேலை பார்த்த அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் 1949ல் மண் அனுப்பினார். அதிலிருந்து வந்தது எரித்ரோமைசின். இலோயிலோவின் நினைவாக அதை 'இலோட்டைசின்' என்ற பெயரில் விற்றார்கள். தனக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று அகிலார் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்.

1964ல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன ஒரு மருத்துவக் குழு அங்கிருந்தும் மண் கொண்டுவந்தது. உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சையில் இன்றும் பயன்படும் ராபமைசின் அந்த மண்ணில் கிடைத்தது. தீவின் சொந்தப் பெயர் ராபா நுயி. மருந்தின் பெயரில் தீவு இருக்கிறது, லாபக் கணக்கில் இல்லை.

அந்தக் காலத்தில் இதைத் தவறென்று சொல்லச் சட்டமும் இல்லை. மண் யாருக்கும் சொந்தமில்லாத பொருளாகக் கருதப்பட்டது. சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு போகும் சமாச்சாரத்துக்கு யார் கணக்கு வைப்பார்கள்?

கூப்பிட்டால் வராதவர்கள்

1960களுக்குப் பிறகு மண் வேட்டை களைத்துப்போனது. புது மண் கொண்டுவந்தாலும் பழைய மருந்தே திரும்பக் கிடைத்தது. மறுபடியும் ஸ்ட்ரெப்டோமைசின், மறுபடியும் டெட்ராசைக்ளின். அப்படியானால் மண் தீர்ந்துவிட்டதா?

தீர்ந்தது மண் இல்லை. பார்க்கும் முறைதான். அதுவரை ஒரு நுண்ணுயிரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே வழி, அதை அகார் தட்டில் வளர்ப்பது. கடற்பாசியிலிருந்து எடுத்த ஜெல்லியில் உணவைக் கலந்து, மண் கரைசலைத் தடவி, சில நாட்கள் காத்திருக்க வேண்டும். புள்ளி புள்ளியாக வளரும் ஒவ்வொன்றும் ஒரு பாக்டீரியாக் குடியிருப்பு. கேட்க சுலபமாத்தான் இருக்கு.

ஆனால் அதே மண்ணைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும் செல்களின் எண்ணிக்கை, தட்டில் வளர்ந்ததைவிடப் பல மடங்கு. மண்ணைப் பொறுத்தவரை வளர்வது பெரும்பாலும் 1 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. இந்த இடைவெளி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1985ல் ஸ்டேலி, கொனோப்கா என்ற இருவர் எழுதிய கட்டுரையில் அதற்கு 'தட்டு எண்ணிக்கையின் பெரும் முரண்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

வராதவர்கள் ஏன் வரவில்லை? சிலருக்கு நாம் போடும் சாப்பாடு அதிகம். சிலருக்குப் பக்கத்துவீட்டு நுண்ணுயிர் சுரக்கும் ஏதோ ஒன்று வேண்டும். சிலர் மாதக்கணக்கில் ஒருமுறைதான் பிரிந்து பெருகுவார்கள். மூன்று நாளில் தட்டைக் குப்பையில் போடும் மனிதர்களுக்கு அவர்கள் காட்சி தருவதில்லை. நுண்ணுயிரியலின் முதல் நூறாண்டு வரலாற்றில் பெரும்பகுதி, அழைத்தவுடன் வந்தவர்களை வைத்து எழுதப்பட்ட வரலாறு.

பெர்கன், நார்வே

உயிரை வளர்க்காமலே அதைத் தெரிந்துகொள்ள முடியுமா? செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை நேராக மண்ணிலிருந்து எடுத்துவிட்டால் முடியும். இதை முறையாகச் செய்துகாட்டியவர்களில் முன்னோடி, நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டிஸ் தோர்ஸ்விக் என்ற பெண் விஞ்ஞானி. மண்ணிலிருந்து பாக்டீரியா டி.என்.ஏ.வைப் பிரிப்பது பற்றிய அவருடைய கட்டுரை 1980ல் வெளியானது.

அவர் முறை பொறுமையைச் சோதிப்பது. மண்ணைக் கரைசலோடு மிக்ஸியில் அடிக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி மண் துகளைக் கீழே தள்ளி, மேலே மிதக்கும் பாக்டீரியாவைத் தனியாக எடுக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்து, கழுவி, அதற்குப் பிறகுதான் செல்களை உடைக்க வேண்டும். நமக்கு முட்டையில் கிடைக்கும் லைசோசைம் நொதி செல்சுவரை அரிக்கும். சோப்பு போன்ற ஒரு வேதிப்பொருள் சவ்வைக் கரைக்கும். வெளியே வரும் டி.என்.ஏ.வை இன்னும் பலமுறை சுத்தப்படுத்த வேண்டும்.

1990ல் தோர்ஸ்விக், யோஸ்டைன் கோக்சோய்ர், ஃபிரிடா டாயே மூவரும் வெளியிட்ட கட்டுரைதான் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அவர்களிடம் இன்றைய மரபணு வரிசை படிக்கும் இயந்திரம் கிடையாது. வேறொரு தந்திரம் செய்தார்கள். டி.என்.ஏ. இரட்டை இழை. சூடாக்கினால் இழைகள் பிரியும். ஆறவிட்டால் தன் ஜோடியைத் தேடி மறுபடி சேரும். எவ்வளவு நேரத்தில் சேர்கிறது என்று அளந்தார்கள்.

பத்துமலை தைப்பூசத்தன்று படிக்கட்டுக்குக் கீழே குவிந்து கிடக்கும் செருப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே ஒரே ரக ஜப்பான் சிலிப்பர் என்றால், எந்த இடதையும் எந்த வலதோடும் சேர்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு ஜோடியும் வேறு வேறு ரகம் என்றால் விடிய விடியத் தேட வேண்டும். தேட ஆகும் நேரத்தை வைத்தே எத்தனை ரகம் என்று கணக்கிடலாம்.

பெர்கன் அருகே ஒரு காட்டு மண்ணில் கிடைத்த டி.என்.ஏ. சேர எடுத்துக்கொண்ட நேரம், சுமார் 4,000 வெவ்வேறு மரபணுத்தொகுதிகள் அதில் இருப்பதாகக் காட்டியது. அதே மண்ணிலிருந்து தட்டில் வளர்த்த பாக்டீரியாக்களின் பன்மையைவிட இது ஏறத்தாழ 200 மடங்கு. எளிதில் வளராததால் கணக்கில் வராமல் இருந்தவர்கள் முதல்முறையாக எண்ணிக்கையாகவாவது வந்து நின்றார்கள்.

தே ஓ நிறம்

என் இறுதியாண்டு ஆய்வு சிலாங்கூரின் ஒரு செம்பனைத் தோட்டத்து மண்ணில். மலாயில் 'தானா கம்புட்' என்பார்கள். இலைதழையும் வேரும் மரமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்குள் அடைந்து பாதி மக்கியும் மக்காமலும் உண்டான சதுப்பு மண். பிழிந்தால் கறுப்பாகத் தண்ணீர் வரும். நாங்கள் எடுத்தது கால் கிராம். கட்டைவிரல் நகத்தில் அடங்கிவிடும்.

அதைச் சின்னக் குழாயில் போட்டால் உள்ளே ஏற்கெனவே மணிகள் இருக்கும். குலுக்கும் இயந்திரத்தில் பத்து நிமிடம். மணிகள் மோதி மோதிச் செல்களை உடைத்துவிடும். பாக்டீரியாவை முதலில் மண்ணிலிருந்து பிரிக்கும் தோர்ஸ்விக்கின் பொறுமையெல்லாம் இங்கே தேவையில்லை. மண்ணோடு மண்ணாக வைத்தே உடைக்கலாம் என்று 1987ல் ஆக்ரம், சேலர், பார்கே என்ற மூவர் ஆற்றுப்படிவுகளில் காட்டிய வழியின் தொடர்ச்சி இது.

குழாயைச் சுழற்றி எடுத்ததும் மேலே நின்ற திரவம் அசல் தே ஓ நிறத்தில் இருந்தது. ஆய்வக உதவியாளர் ஒரு மலாய்க்கார அக்கா, நாங்கள் 'காக்' என்று கூப்பிடுவோம். எட்டிப் பார்த்துவிட்டு, "குலா போட்டா குடிச்சிடலாம்" என்று சிரித்தார்.

அந்த நிறம்தான் ஹ்யூமிக் அமிலம். மக்கிய தாவரங்களின் எச்சம். மண்ணை வளமாக வைத்திருப்பதும் அதுதான், எங்களைப் போன்றவர்களின் தலைவலியும் அதுதான். தண்ணீரில் அதன் குணம் டி.என்.ஏ.வைப் போலவே இருக்கிறது. இரண்டுக்கும் எதிர்மின் தன்மை. ஆல்கஹால் ஊற்றினால் இரண்டும் சேர்ந்தே கீழே படியும். பி.சி.ஆர். முறையில் டி.என்.ஏ.வைப் பெருக்கும்போது, மிகச் சிறிதளவு ஹ்யூமிக் அமிலம் கலந்திருந்தாலும் நொதி வேலை செய்ய மறுக்கும். குழாயில் டி.என்.ஏ. இருக்கும், ஆனால் இல்லாதது போலவே முடிவு வரும்.

இந்த நிறத்தைப் போக்கவே எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். தாவர டி.என்.ஏ. எடுப்பவர்கள் பயன்படுத்திய சி.டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளைக் கடன் வாங்கினார்கள். பியரைத் தெளியவைக்கப் பயன்படும் பி.வி.பி.பி. தூளைக் கலந்து பார்த்தார்கள். 1996ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷோ, புருன்ஸ், டிட்யே மூவரும் பலவித மண்ணில் சோதித்து எழுதிக்கொடுத்த செய்முறையை, கையில் காசில்லாத ஆய்வகங்கள் இன்றும் சமையல் குறிப்பு மாதிரி சுவரில் ஒட்டி வைத்திருக்கின்றன.

பிறகு வந்தது கிட். கலிஃபோர்னியாவின் மோபயோ நிறுவனம் விற்ற பெட்டியில் எல்லாமே எண் போட்ட புட்டிகளில் இருக்கும். இரண்டாவது ஊற்று, சுழற்று, மூன்றாவது ஊற்று, சுழற்று. தே ஓ நிறம் மாயமாகிவிடும். அந்த மாயத்துக்கான காப்புரிமையைத் தேடிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஹ்யூமிக் அமிலத்தைத் திரட்டிக் கீழே தள்ளும் பொருட்களில் முக்கியமானது அலுமினியம் அம்மோனியம் சல்ஃபேட். படிகாரத்தின் ஒரு வகை. கலங்கிய கிணற்றுத் தண்ணியில் பாட்டிமார்கள் போட்டுக் கலக்கிய படிகாரம். குடிநீர் ஆலைகளில் இன்றும் டன் கணக்கில் கொட்டுவது அதன் நெருங்கிய சொந்தம்தான்.

படிகாரம் எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் டி.என்.ஏ.வைக் கீழே தள்ளாமல் ஹ்யூமிக் அமிலத்தை மட்டும் தள்ளும் அளவையும் வரிசையையும் கண்டுபிடிக்க உழைப்பு வேண்டும். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உலகெங்கும் ஒரே கிட்டைப் பயன்படுத்தியதால்தான் ஒரு நாட்டு மண்ணை இன்னொரு நாட்டு மண்ணோடு ஒப்பிட முடிந்தது. 2010ல் தொடங்கிய புவி நுண்ணுயிர்த் திட்டம் 2017ல் இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளின் முடிவை ஒன்றாக வெளியிட முடிந்ததற்கு இந்த ஒரே மாதிரியான செய்முறை பெரிய காரணம். ஆனால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு கிட் தீர்ந்தால் அடுத்தது வரும்வரை காத்திருப்போம். மண் காலடியில் கிடக்கும். அதைத் திறக்கும் சாவி கப்பலில் வர வேண்டும்.

மண் எழுத்தாகிறது

1998ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோ ஹாண்டெல்ஸ்மனும் சக ஆய்வாளர்களும் 'மெட்டாஜீனோம்' என்ற சொல்லை உருவாக்கினார்கள். ஒரு மண்ணில் உள்ள எல்லா நுண்ணுயிர்களின் மரபணுக்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் பார்க்கும் சொல் அது. மண்ணிலிருந்து எடுத்த டி.என்.ஏ. துண்டுகளை, ஆய்வகத்தில் வளரும் சாதாரண பாக்டீரியாவுக்குள் நுழைத்து, அது புதிதாக என்ன சுரக்கிறது என்று பார்க்கலாம் என்பது அவர்களின் யோசனை. வராதவர்களின் வேலையை வந்தவர்களை வைத்துச் செய்விப்பது.

அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான ஷான் பிரேடி பிறகு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இதையே விரிவாக்கினார். பொதுமக்கள் அனுப்பிய மண் உட்பட இரண்டாயிரம் மாதிரிகளின் டி.என்.ஏ.வைச் சலித்து, ஒரு பாலைவன மண்ணில் இருந்த மரபணுக்களைக் கொண்டு 'மாலசிடின்' என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்தார்கள். 2018ல் அறிவித்தார்கள். அந்த மரபணுக்களின் சொந்தக்கார பாக்டீரியாவை அவர்கள் வளர்க்கவே இல்லை.

2022ல் இன்னும் ஒரு படி. அதே குழு பொதுத் தரவுத்தளங்களில் கிடந்த பாக்டீரியா மரபணு வரிசைகளைக் கணினியில் அலசி, இந்த மரபணுக்கள் எந்த மூலக்கூறைச் செய்யும் என்று ஊகித்து, அந்த மூலக்கூறை நேராக வேதியியல் முறையில் தயாரித்தார்கள். பெயர் 'சிலாஜிசின்'. இங்கே மண் இல்லை, பாக்டீரியா இல்லை, ஒரு துளி டி.என்.ஏ.கூட இல்லை. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளின் வரிசை இருந்தால் போதும்.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் காலத்தில் இது பெரிய நல்ல செய்தி. யார் வேண்டுமானாலும் தரவை எடுத்துப் படிக்கலாம் என்ற திறந்த மனசு இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் பொறியியல் படித்தவனுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு குழாயின் இந்த முனையில் உள்ளே போனது, அந்த முனையில் எங்கே வெளியேறுகிறது என்று கணக்குப் பார்ப்பான். 1952ல் குறைந்தபட்சம் ஒருவர் குனிந்து மண்ணை அள்ள வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம்.

சட்டம் எதைப் பிடிக்கிறது

1992ல் ரியோவில் கையெழுத்தான பல்லுயிர் உடன்படிக்கை, ஒரு நாட்டின் உயிரியல் வளத்தின் மேல் அந்த நாட்டுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. 2010ல் உருவாகி 2014ல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை, வளத்தை எடுப்பவர் முன்அனுமதி பெற வேண்டும், பலனைப் பகிர வேண்டும் என்று விதிகளைச் சொன்னது. சரவாக் 1997லேயே தனக்கென்று பல்லுயிர் மையச் சட்டம் போட்டது. மலேசியாவின் 795ஆம் சட்டம், உயிரியல் வள அணுக்கத்துக்கும் பலன் பகிர்வுக்குமான 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2020 டிசம்பரில் அமலுக்கு வந்தது.

எல்லாம் சரி. ஆனால் அந்த உடன்படிக்கை மரபணு வளத்தை வரையறுக்கும்போது 'பொருள்' என்று சொன்னது. தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள். மண்ணைப் பொட்டலமாகக் கொண்டுபோனால் விமான நிலையத்தில் பிடிக்கலாம். எழுத்து வரிசையை எந்த வாசலில் பிடிப்பது? அது பொருளா, தகவலா? பணக்கார நாடுகளும் வளமுள்ள நாடுகளும் பல ஆண்டுகள் இதே கேள்வியில் முட்டிக்கொண்டன. 2022 டிசம்பரில் மோன்ட்ரியலில், பலனைப் பகிர ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். 2024ல் கொலம்பியாவின் காலி நகரில் அதற்கொரு நிதி உருவானது. மரபணு வரிசைத் தரவால் லாபம் பார்க்கும் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ அதில் போட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதில் பாதியாவது பூர்வகுடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும். போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கிருஷ்ணசாமியின் நோய்

இதுவரை சொன்னதெல்லாம் மண்ணிலிருந்து வெளியே போனவை பற்றி. மண்ணிலிருந்து நம் உடம்புக்குள் வருவதும் உண்டு. நம் மண்ணை நாமே படிக்க வேண்டியதன் அவசரம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

1911ல் ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய நோயியல் மருத்துவரும், சி.எஸ். கிருஷ்ணசாமி என்ற உதவி மருத்துவரும் அதுவரை யாரும் விவரிக்காத ஒரு நோயைப் பிணப் பரிசோதனையில் கண்டார்கள். நுரையீரலிலும் கல்லீரலிலும் சீழ்க்கட்டிகள். இறந்தவர்கள் பெரும்பாலும் தெருவில் கிடந்த ஏழைகள், மார்ஃபின் ஊசிக்கு அடிமையானவர்கள். 1912ல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. நோய்க்கு நிலைத்த பெயர் 'விட்மோர் நோய்'. 1917ல் கிருஷ்ணசாமி தனியாக அதே நோயைப் பற்றி விரிவாக எழுதியபோது, அவரே அதை விட்மோர் நோய் என்றுதான் குறிப்பிட்டார்.

அடுத்த கட்டம் கோலாலம்பூர். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டான்டன், ஃபிளெட்சர் இருவரும் இந்த நோய்க்கு 'மெலியோய்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். மலாயாவில் முதலில் பதிவான மனித நோயாளிகளில் ஒருவர், கோலாலம்பூர் அருகே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த தமிழர். கட்டுரையில் அவர் ஒரு நோயாளியாகத்தான் நிற்கிறார்.

எலிகள்தான் நோயைப் பரப்புகின்றன என்று அவர்கள் நினைத்தார்கள். கிருமியின் வீடு சேறும் தண்ணீரும்தான் என்பது தெளியப் பல ஆண்டுகள் ஆயின. 1969ல் ஸ்ட்ராஸ், குரோவ்ஸ், மாரியப்பன், எல்லிசன் நால்வரும் மலேசிய மண்ணிலும் நீர்நிலைகளிலும் இந்தப் பாக்டீரியாவைத் தேடிய ஆய்வை வெளியிட்டார்கள். அப்போதைய முறை, மாதிரியை ஹாம்ஸ்டருக்கு ஊசி போட்டு அது நோய்ப்படுகிறதா என்று பார்ப்பது. காட்டைவிட, நீர் கட்டிய நெல்வயல்களிலும் காடழித்துப் புதிதாக நட்ட செம்பனை நிலங்களிலும் கிருமி அதிகம் கிடைத்தது. அந்த நிலங்களில் வெறுங்காலோடு நின்றவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

இன்று ஹாம்ஸ்டர் தேவையில்லை. மண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, இந்தக் கிருமிக்கு மட்டுமே உரிய ஒரு மரபணுத் துண்டை பி.சி.ஆர். மூலம் தேடலாம். தட்டில் வளராத மண்ணில்கூட அது இருப்பதை ஆஸ்திரேலியாவின் டார்வின் ஆய்வாளர்கள் 2007ல் காட்டினார்கள். உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேரை இந்த நோய் தாக்குவதாகவும் அதில் 89,000 பேர் இறப்பதாகவும் 2016ல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. அதில் பெரும்பங்கு தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும். 2010ல் பகாங்கின் லூபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடப் போன மீட்புக்குழுவிலேயே சிலர் இந்த நோயால் இறந்தார்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களை இது எளிதில் பிடிக்கும். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது?

போர்னியோ மண்ணை எடை குறைத்துக் குறைத்து எழுத்தாக்கிய அதே தொழில்நுட்பம், நம் வயல் மண்ணில் எங்கே ஆபத்து இருக்கிறது என்றும் சொல்லும். அதை யார் எதற்காகப் படிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். புது மருந்தைத் தேட பெரிய நிறுவனங்கள் வரும். எந்தக் கம்பத்து வயலில் கிருமி இருக்கிறது என்று தேட அவை வராது. அதை இங்கே இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும். செய்வதற்குத் தேவையானது மணிகள், சோப்பு, கொஞ்சம் படிகாரம், ஒரு சென்ட்ரிஃபியூஜ், பொறுமை. இவற்றில் எதுவும் இந்த நாட்டில் இல்லாத பொருள் இல்லை.

என் வேலையில் எரிவாயுத் தொட்டியின் சேற்றை மாதத்துக்கு ஒருமுறை டி.என்.ஏ. வரிசை படிக்க அனுப்புகிறோம். கூடவே ஒரு படிவம் போகும். மாதிரி எடுத்த இடம் என்று ஒரு கட்டம். உலகத் தரவுத்தளங்கள் நாட்டின் பெயரைக் கட்டாயமாகக் கேட்கத் தொடங்கியதே சமீப ஆண்டுகளில்தான். 'மலேசியா' என்று மட்டும் எழுதினால் படிவம் ஏற்றுக்கொள்ளும். நான் மாவட்டம், முக்கிம், பக்கத்து ஆறு, ஆழம், தேதி எல்லாம் எழுதுகிறேன். கட்டம் சின்னது என்பதால் எழுத்தைக் கொஞ்சம் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது.